கடைசி இடத்துக்கு இரண்டு பேர்

1997ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், யோகராணிக்கு வேலையிடத்துக்கு ஒரு ரெலிபோன் வந்தது. அவள் கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு ரவல் ஏஜென்சியில் ரிக்கற் போடுகிறவள். அப்போது முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. கொழும்புக்கு நான்கு பேர் போகவேண்டும், வழியில் லண்டனில் இரண்டு நாள் தங்கவேண்டும், அதற்காக ஒரு சதம் கூடக்கூடாது. யோகராணி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, திகதி பார்த்தபடியே "ஹலோ" என்றாள்.

"யோகி, நான் கோர்டன் ஹக்கெற் பேசுகிறேன்."

ஹக்கெற் விட்பியில் தரைவிரிப்புக் கடை வைத்திருப்பவர். போன வருசம் அவருக்கு ஓர் ஆசை வந்து, விட்பி கொமெற்ஸ் என்ற பெண்கள் கூடைப்பந்தாட்ட அணி ஒன்றையும் வாங்கிவிட்டார். ஒன்ராறியோவுக்குள்ளேயே ஆடுகிற சின்ன லீக். ஆறு அணிகள், அணிக்குப் பத்துப் பேர், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம். சம்பளம் கொடுத்தபடியால் அது தொழில்முறை ஆட்டம் என்றுதான் பேப்பரிலும் போட்டார்கள். யோகராணி அதில் முதல் பருவம் முழுக்க ஆடியிருந்தாள். ஆட்டத்துக்கு நூற்றிருபது டொலர். பகலில் ரிக்கற், பின்னேரத்தில் பந்து.

அவளுக்கு இருபத்தாறு வயது. உயரம் ஐந்தடி பதினொரு அங்குலம். ஊரில், மானிப்பாயில் படிக்கிறபோது அந்த உயரத்துக்காகவே அவளைப் பிடித்து வலைப்பந்தாட்ட அணியில் போட்டிருந்தார்கள். வலைப்பந்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது. பிடித்த இடத்தில் நின்று அடுத்தவளுக்கு எறியவேண்டும். கனடாவுக்கு வந்து டோர்செட் பார்க்கில் இருந்த கொமியூனிற்றி சென்ரரில் முதன்முதலாகக் கூடைப்பந்து கையில் கிடைத்த அன்றைக்கும், அவள் பந்தைப் பிடித்ததும் சந்தியில் நிற்கிற பொலிஸ்காரன் மாதிரி அப்படியே நின்றுவிட்டாள். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவள் நின்ற இடத்திலிருந்தே மண்டபத்தின் மற்ற முனைக்கு ஒரு பந்து எறிந்தாள். அது ஓடிக்கொண்டிருந்த ஒருத்தியின் இரண்டு கைக்குள்ளும் போய் விழுந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. கொமெற்ஸ் அணியின் கோச் லோர்னா அவளைக் கண்டுபிடித்தது அங்கேதான்.

இப்போது ஹக்கெற் ரெலிபோனில் தொண்டையைச் செருமினார்.

"திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் நான் லீக்குக்குப் பத்துப் பெயர் அனுப்பவேண்டும். ஒன்பது இடம் முடிந்துவிட்டது. பத்தாவது இடம் உனக்கா மார்வாவுக்கா என்று பார்க்கிறேன். மார்வா நூறு டொலருக்குச் சம்மதித்துவிட்டாள். நீ தொண்ணூறு என்று சொன்னால் இடம் உனக்கு."

யோகராணியின் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. முன்னாலிருந்த அம்மா, "என்ன பிள்ளை, சீற் இல்லையோ?" என்று கேட்டார்.

"சீற் இருக்குது அன்ரி. ஒண்டுதான் இருக்குதாம்," என்றாள் யோகராணி. பிறகு ஹக்கெற்றிடம் ஆங்கிலத்தில், யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

தொண்ணூறு என்ற எண்ணைவிட அவளுக்கு மார்வாதான் நெஞ்சில் முட்டினாள். மார்வா ரினிடாட்காரி. ஸ்காபரோவில் முதியோர் இல்லமொன்றில் வேலை. அவளும் ஊரில் வலைப்பந்து ஆடி வந்தவள், அவளும் முதல் நாள் பந்தைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றவள். அணியில் இரண்டு பேருக்கும் ஒரே இடம், ஒருத்தி களைத்தால் மற்றவள் இறங்குவாள். ஹமில்ரனுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே சீற்றில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து புட்டும் மீன்பொரியலும் தின்றவர்கள். அப்படிப்பட்டவள் தனக்குச் சொல்லாமல் இருபது டொலரைக் குறைத்துக்கொண்டு இடத்தைப் பிடிக்கப் பார்த்திருக்கிறாள்.

அன்று பின்னேரம் புருசன் நவரட்ணத்திடம் சொன்னாள். நவரட்ணம் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறவன். ஐந்தடி ஆறு அங்குலம். மனைவியின் ஒரு மட்ச்சையும் விடாமல் போய், விதிகள் எதுவும் விளங்காமலே கடைசிவரைக்கும் கைதட்டுகிறவன்.

"தொண்ணூறுக்கு ஓமெண்டு சொல்லுமன்," என்றான். "உமக்கு விளையாட்டுத்தானே முக்கியம்."

"விளையாட்டு முக்கியந்தான். அதுக்காக விலை இறங்கிக்கொண்டு போறதுக்கு நானென்ன நேற்றையான் மீனே?"



வியாழக்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில், கென்னடி றோட்டில் இருந்த தமிழ்க் கடைக்குள் யோகராணி மரக்கறி வாங்கப் போனாள். வெண்டிக்காய்க் குவியலுக்கு மேலே 'நுனி முறிக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதி ஒட்டியிருந்தது. குவியலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி குனிந்து நின்று டக், டக் என்று நுனி முறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அது மார்வா.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. யோகராணியும் ஒரு வெண்டிக்காயை எடுத்து டக்கென்று முறித்தாள். மார்வா இரண்டை முறித்தாள். யோகராணி மூன்றை முறித்தாள்.

கடைசியில் மார்வாவே வாயைத் திறந்தாள். அவர்கள் பேசியது ஆங்கிலத்தில்.

"நூறு டொலருக்கு ஏன் சம்மதித்தாய்? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானா? நீதான் நூறுக்குச் சம்மதித்தாய்."

"நான் எங்கே சம்மதித்தேன்? நீ நூறுக்குச் சம்மதித்துவிட்டாய், தொண்ணூறு என்று சொன்னால் இடம் எனக்கு என்று ஹக்கெற் செவ்வாய்க்கிழமை போன் பண்ணிச் சொன்னார்."

"எத்தனை மணிக்கு?"

"பன்னிரண்டரை இருக்கும்."

"எனக்குப் பன்னிரண்டு இருபது," என்றாள் யோகராணி.

மார்வா கையிலிருந்த வெண்டிக்காயைப் பார்த்தாள். யோகராணி மார்வாவைப் பார்த்தாள். பத்து நிமிச இடைவெளியில் அந்த மனுசன் ஒரே பொய்யை இரண்டு முறை, பெயரை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறார். முதலில் மார்வாவின் தோள் குலுங்கியது. பிறகு யோகராணிக்கு மூச்சு முட்டியது. இரண்டு பேரும் வெண்டிக்காய்த் தட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கோபம் முழுக்கச் சிரிப்பாக வெளியே வந்துகொண்டிருந்தது. கல்லாவில் நின்ற அருள்நாயகம் அண்ணை ஓடி வந்தார்.

"தங்கச்சி, என்ன நடந்தது? உந்த வெண்டிக்காயெல்லாம் ஆர் முறிச்சது?"

"நாங்கதான் அண்ணை. முழுக்க நிறுங்கோ," என்றாள் யோகராணி.

இரண்டரைக் கிலோ இருந்தது. அதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு, கடைக்கு வெளியே மதிலில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

யோகராணிக்கு முதலில் வந்த யோசனை அவளுடைய தொழிலில் இருந்து வந்தது. பத்துப் பேரில் ஒருத்திக்காக ஹக்கெற் அமெரிக்காவில் ஜோர்ஜியாவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிடப்போகிறார் என்று அணிக்குள் எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு நானூறு டொலர் என்று கதை. அந்தப் பெண் வருவதற்கும் போவதற்கும் ரிக்கற், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் போய் வர இன்னொரு ரிக்கற். அட்லாண்டாவுக்கு நத்தார்க் கிழமையில் ரிக்கற் என்ன விலை போகும் என்பதை யோகராணி நித்திரையிலும் சொல்வாள். அதோடு சாமான்கள் போட்ட அப்பார்ட்மென்ற் வேறு. ஏஜென்சியின் பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் எழுதினாள்.

"அவள் ஒருத்திக்கு வருகிற செலவில் எங்களை மாதிரி மூன்று பேரை வைத்திருக்கலாம்," என்றாள்.

"நாங்கள் இரண்டு பேர்தானே."

"அப்போ அவருக்கு மிச்சம்."

மார்வாவுக்கு இன்னொரு விசயம் தெரிந்திருந்தது. அந்தக் கோடையில்தான் அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு பெரிய லீக் தொடங்கி, ரீவியில் எல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நன்றாக ஆடத் தெரிந்த ஒவ்வொருத்தியும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஜோர்ஜியாக்காரி விட்பிக்கு வருவாள் என்று நினைக்கிறாயா?" என்று கேட்டாள் மார்வா. "நானென்றால் வரமாட்டேன்."

சனிக்கிழமை காலை விட்பிக்குப் போவது என்று முடிவானது. ஒரேயொரு சிக்கல். அன்றைக்கு மத்தியானம் நவரட்ணத்தின் ஒன்றுவிட்ட தம்பிக்கு அஜின்கோர்ட்டில் கலியாணம். வீட்டுக்குத் திரும்பி வந்து உடுப்பு மாற்ற நேரம் இருக்காது. அதனால் யோகராணி கத்தரிப்பூ நிறக் காஞ்சிபுரம் சேலை கட்டி, தலைக்கு மல்லிகைப்பூ வைத்து, காலில் உயரமில்லாத செருப்புப் போட்டுக்கொண்டு சம்பளம் பேசக் கிளம்பினாள். நவரட்ணம் கோட்டும் ரையும் போட்டிருந்தான். கலியாணத்துக்கு அவன் அச்சடித்துக் கொடுத்த நிகழ்ச்சி நிரல்கள் ஒரு தோல் பைக்குள் இருந்தன. காருக்குள் விட்டால் வெயிலில் மடங்கிப்போகும் என்று அதையும் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தான்.

ஹக்கெற் கணக்குவழக்குப் பார்க்கிற கந்தோர், கடைக்குப் பின்பக்கம், கம்பளச் சுருள்களுக்கு நடுவில் இருந்தது. கதவைத் திறந்தவர் மார்வாவைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் ஆறடிக்குக் கிட்ட நிமிர்ந்து நின்ற பட்டுச்சேலையைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நேரம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

"இரண்டு பேரும் சேர்ந்தா வந்தீர்கள்?"

"வெண்டிக்காய் வாங்கும்போது சந்தித்தோம்," என்றாள் மார்வா.

இருந்தது ஒரேயொரு கதிரை. அதில் யோகராணி உட்கார, மார்வா ஒரு லினோலியம் சுருளில் உட்கார்ந்தாள். யோகராணி சுற்றி வளைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு இருபதுக்கும் பன்னிரண்டரைக்கும் வந்த இரண்டு அழைப்பையும் பற்றிச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், பயணிக்கு விமானம் பிந்துகிற செய்தி சொல்வது மாதிரிச் சொன்னாள். ஹக்கெற்றின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டு போனது. அவர் கெட்ட மனுசன் இல்லை. கம்பளம் விற்கிற பழக்கத்தில், வாங்க வருகிற எல்லோருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் குறைத்துக் கேட்டதாகச் சொல்லிப் பழகிவிட்டவர்.

"சரி," என்றார். "என்ன வேண்டும்?"

"இரண்டு பேரும் அணியில். ஆட்டத்துக்கு நூற்றெண்பது. இரண்டு பேருக்கும் ஸ்காபரோவிலிருந்து ரெயின் ரிக்கற்."

ஹக்கெற் சிரித்தார். "எனக்கு ஓர் இடம்தான் இருக்கிறது."

"இரண்டு இருக்கிறது. ஜோர்ஜியாக்காரியின் இடத்தையும் நீங்கள் முடிந்த இடமாக எண்ணுகிறீர்கள்," என்றாள் யோகராணி. இடுப்பில் செருகியிருந்த பில் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். அட்லாண்டா ரிக்கற் இரண்டு, அப்பார்ட்மென்ற், ஆட்டத்துக்கு நானூறு. அதற்குக் கீழே, அவர்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆகிற செலவு.

ஹக்கெற் தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "நத்தாருக்கு உண்மையிலேயே இவ்வளவா?"

"இப்போதே போட்டால். ஒக்டோபரில் போட்டால் இன்னும் கூடும்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. கோச் லோர்னா, லீக்குக்கு அனுப்பவேண்டிய படிவத்தோடு வந்தாள். நிலைமை அவளுக்கு ஒரு பார்வையில் விளங்கிவிட்டது.

"நான் மே மாதமே சொன்னேனே கோர்டன்," என்றாள். "இந்த இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் இறக்கினால் பந்து நிலத்திலேயே படாது என்று. அந்த அமெரிக்கப் பெண் போன் எடுத்தாளா?"

ஹக்கெற் கம்பளச் சுருள்களைப் பார்த்தார். "இரண்டு கிழமையாக எடுக்கவில்லை," என்றார்.

மார்வா காலால் யோகராணியின் சேலைக் கரையை மிதித்தாள். அதுதான் அவளுக்குச் சந்தோசத்தை வெளியே விடாமல் வைத்திருக்கத் தெரிந்த வழி.

"நூற்றைம்பது," என்றார் ஹக்கெற்.

வாசலில் நவரட்ணம் எட்டிப் பார்த்தான். கோட், ரை, கையில் தோல் பை. கலியாணத்தில் தாலி கட்டுகிற நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டுமே என்ற பயத்தில் அவன் முகம் இறுகியிருந்தது. ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, "பதினொன்றரைக்கு நாங்கள் இங்கிருந்து புறப்படவேண்டும். அதற்குமேல் காத்திருக்க முடியாது," என்றான்.

ஹக்கெற் குரலைத் தாழ்த்தினார். "உங்கள் வக்கீலா?"

யோகராணி உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மார்வா முந்திக்கொண்டாள். "அவர் எங்களோடு வந்தவர்."

சுவரில் மணி பதினொன்று இருபத்தாறு. ஹக்கெற் மணிக்கூட்டைப் பார்த்தார், தோல் பையைப் பார்த்தார், பில் தாளைப் பார்த்தார்.

"நூற்றறுபத்தைந்து. ரெயின் ரிக்கற். அதற்குமேல் ஒரு சதமும் இல்லை."

"கணுக்காலுக்குச் சுற்றுகிற ரேப்பும் நீங்கள்தான் வாங்கித்தரவேண்டும்," என்றாள் மார்வா. "போன வருசம் நானே வாங்கினேன்."

"ரேப்பும்," என்றார் ஹக்கெற்.

லோர்னா அந்த இடத்திலேயே படிவத்தை நீட்டினாள். ஒன்பதாவது வரியில் யோகராணி நவரட்ணம் என்றும், பத்தாவது வரியில் மார்வாவின் பெயரும் ஏறியது. யோகராணி கையெழுத்து வைத்தாள். அவளுக்கு எழும்பி நின்று கத்தவேண்டும் போல இருந்தது, கத்தினால் சேலை குலையும் என்று அடக்கிக்கொண்டிருந்தாள்.

கந்தோரை விட்டு வெளியே வந்ததும் அந்த அடக்கம் போய்விட்டது. மேசையில் கிடந்த அணியின் பந்தை மார்வா வரும்போதே கையில் எடுத்து வந்திருந்தாள். அதை யோகராணியிடம் போட்டுவிட்டு, கம்பளங்களுக்கு நடுவில் முன்வாசலை நோக்கி ஓடத் தொடங்கினாள். யோகராணி முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒரு கால் முன்னுக்கு வைத்து, கடையின் ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் பந்தை எறிந்தாள். குளியலறைத் தரைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வயதான தம்பதியின் தலைக்கு மேலால் அது போனது. மார்வா திரும்பிப் பார்க்காமலே இரண்டு கையையும் உயர்த்திப் பிடித்தாள். தம்பதி கைதட்டினார்கள். ஹக்கெற் பின்னால் நின்று, "உடைந்தால் சம்பளத்தில் பிடிப்பேன்," என்றார். ஆனால் அவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

காரில் ஏறியபிறகுதான் நவரட்ணம், "என்ன முடிவு?" என்று கேட்டான்.

"நீங்கள் என்ரை வக்கீல்," என்றாள் யோகராணி. அதற்கு விளக்கம் கேட்டு அவன் முடிப்பதற்குள் ஸ்காபரோ வந்துவிட்டது. மார்வாவை வீட்டில் இறக்க நேரம் இல்லை. "வா, கலியாணச் சாப்பாடு சாப்பிடலாம்," என்றாள் யோகராணி. மார்வா ஜீன்ஸோடு வந்தாள். கலியாண மண்டப வாசலில் யாரோ அவளுக்கும் சந்தனம் வைத்து, கற்கண்டு கொடுத்து, உள்ளே அனுப்பினார்கள். தாலி கட்டுகிற நேரத்துக்கு அவர்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

சாப்பாட்டு மேசையில் நவரட்ணத்தின் மாமி குணவதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கனடாவுக்கு வந்து இரண்டு மாதம்தான். மார்வாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு யோகராணியிடம் கேட்டார்.

"உந்தப் பிள்ளை ஆர்?"

"என்னோடை பந்து விளையாடுறவ மாமி."

"பந்தோ? அதுக்கு என்ன கிடைக்குது?"

"ஒரு மட்ச்சுக்கு நூற்றறுபத்தைஞ்சு டொலர். எங்களுக்கு இண்டைக்குத்தான் கூட்டித் தந்தவை."

மாமி வாய்க்குக் கொண்டுபோன அப்பளத்தை இலையில் வைத்தார். "பந்தை எறியிறதுக்கோ?"

"எறியிறதுக்கும் பிடிக்கிறதுக்கும்."

மாமி யோகராணியின் பக்கம் சாய்ந்தார். "என்ரை மகளும் நல்ல உயரமடி. அவளுக்கும் ஒருக்கால் கேட்டுப்பாரன்," என்றார்.

யோகராணி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் மார்வாவுக்குப் பாயசம் புரையேறியது. மாமியே எழும்பி அவள் தலையில் தட்டிவிட்டார்.

நவம்பரில் பருவம் தொடங்கியது. லோர்னா சொன்னபடி இரண்டு பேரையும் ஒன்றாக இறக்கினாள். முதல் ஆட்டத்தில் அவர்கள் இருவரும் பந்தை நிலத்தில் தட்டாமலே ஆறு முறை கைமாற்றி, ஏழாவதாகக் கூடைக்குள் போட்டார்கள். ஒஷாவாவிலிருந்து வந்திருந்த அணியின் பெண்கள் பந்தைத் தேடிக் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைத்தார்கள். மண்டபத்தில் நூற்றுச் சொச்சம் பேர். அதில் இருபது பேர் கலியாண வீட்டில் செய்தி கேட்டு வந்த சொந்தக்காரர்கள். குணவதி மாமி போர்வையும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார். கொமெற்ஸ் அந்தப் பருவத்தில் இரண்டாவதாக வந்தது. ஜோர்ஜியாக்காரி வரவேயில்லை.

அடுத்த கோடையில் ஹக்கெற் மறுபடி போன் பண்ணத் தொடங்கியபோது, பெண்கள் எல்லோரிடமும் எல்லோருடைய நம்பரும் இருந்தது. அவர் முதல் ஆளோடு பேசி முடித்து அடுத்த நம்பரை அழுத்துவதற்குள், அவர் சொன்ன தொகை ஸ்காபரோவுக்கு வந்து சேர்ந்துவிடும். சனிக்கிழமை காலை ஏழு பேர் சேர்ந்து விட்பிக்குப் போனார்கள். லோர்னா முன்கூட்டியே சொல்லிவிட்டாள் போல, கந்தோர்க் கதவைத் திறந்தபோது உள்ளே ஏழு கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன.

"இருங்கள்," என்றார் ஹக்கெற். "யோகி, நீ முதலில் உன் தாளை எடு. பிறகு நான் என்னுடையதை எடுக்கிறேன்."

யோகராணி கைப்பையைத் திறந்தாள்.